மஞ்சள் என்றால் நலம்

பகலெல்லாம் ஊராரின் ரத்தம், ஊராரின் சிறுநீர்.
கீழக்கரை பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
மாடிப்படிக்கு அடியில் எங்கள் லேப்.
அங்கே மஞ்சள் என்றால் காமாலை.
முகத்தை மாற்றாமல்
"டாக்டரைப் பாருங்க" என்பேன்.

இரவில் வீட்டில் அதே விரல்கள்
ஐந்து மில்லி மீன்தண்ணீர் எடுத்து
எட்டுச் சொட்டு, மறுபடி எட்டுச் சொட்டு,
ஐந்து நிமிடம்.
இங்கே மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை.
பச்சை ஏறினால்தான்
எனக்கு உறக்கம் போகும்.

இரண்டு தொட்டிகள்.
கூடத்தில் நல்ல தண்ணீர், அடுப்படிச் சுவரோரம் உப்பு.
வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்:
"கடல் நாலு தெரு தள்ளிக் கெடக்கு,
அதை ஏம்புள்ள வீட்டுக்குள்ள கொண்டாந்தே?"

கடலுக்குச் செலவே இல்லை, சொன்னால் நம்பமாட்டார்கள்.
செல்வராசு வள்ளத்தில் போய்
தெளிந்த இடத்தில் இரண்டு கேன் மொண்டு வருவார்.
கச்சான் மாதங்களில் அதுவும் கலங்கல்.
கறுப்பு டிரம்மில் பத்து நாள் மூடிவைத்தால் கசடு இறங்கும்.
பவளத் துண்டு ஒன்று கேட்டேன், அறியாமல், ஒரே ஒருமுறை.
"ஜெயில்ல மீன் வளக்க விடமாட்டாக" என்றார்.
ஆகவே என் கடலின் பாறைகள்
இடித்த கழிவறையின் சிமெண்ட் கட்டிகள்.
ஒரு வருடம் ஊறப்போட்டேன்.
இப்போது ஊதா படர்ந்திருக்கிறது.
எங்கிருந்து வந்ததென்று எனக்கும் தெரியாது.

அதில் ஒரே மீன்.
விரல் நீளம், ஐந்து கறுப்புக் கோடு.
வலையில் சங்காயத்தோடு வந்தது,
கோழித்தீவனத்துக்குப் போக இருந்தது.

பணத்தைத் தின்பது நல்ல தண்ணீர்.
எங்கள் குழாயில் வருவதில் சோப்பு நுரைக்காது.
குடம் பன்னிரண்டு ரூபாய் லாரித் தண்ணீரில்
வாலிஸ்னேரியா நாடா நாடாவாய் நீள்கிறது,
ஜாவா பாசி கட்டையைப் பற்றிக்கொள்கிறது,
சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பழைய பாட்டில்
நொடிக்கொரு குமிழ் விடுகிறது.
உம்மா வாய்திறந்து ஒன்றும் சொன்னதில்லை.
குடங்களை மட்டும் எண்ணுவாள்,
சத்தமாக.

ஜெய்லானிக்கு தோஹாவில்
கடலைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை.
வீடியோ காலில் முதல் கேள்வி, "உப்பு எவ்வளவு?"
ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு ஐந்து என்பேன்.
சிரிப்பார்.
எங்களுக்குள் அதற்கு மேல் கொஞ்சல் வராது.

ஆனியில் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம்.
ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டு ஃபௌசியா
கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள்.
எதுவும் கேட்கவில்லை. கண் மட்டும் கூடத்துத் தொட்டிமேல்.
நூற்றிருபது லிட்டர்.
நைட்ரேட் ஏறியிருக்கும்,
எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்று
எனக்கு நானே பொய்க்கணக்குச் சொல்லி
ரப்பர் குழாயில் வாய்வைத்து உறிஞ்சி
மூன்று குடம் இறக்கினேன்.
"குடிக்க வேணாம். துணி அலசிக்க."
"மீன் வாடை இருக்குமா லாத்தா?"
"புல்லு வாடை இருக்கும்."
மாலையில் அவள் கொடியில்
குழந்தைத் துணிகள் வரிசையாய்.
ஒன்றில் ஒட்டியிருந்தது ஓர் இழை பாசி.

அன்றிரவே டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
காற்றுப் பம்பு நின்றதும்
வீடு இத்தனை அமைதியா என்று திடுக்கிட்டேன்.
பாதியாய்க் குறைந்த நல்ல தண்ணீரில்
செடிகள் சாய்ந்து கிடந்தன. அவை பிழைக்கும்.
உப்புத் தொட்டியில் ஐந்து கோடுகள்
மேலே வந்து வாய்பிளந்தன.
உம்மாவின் ஆப்பக் கரண்டியால்
மொண்டு ஊற்றினேன், மொண்டு ஊற்றினேன்.
இரண்டு மணிக்கு உம்மா வந்து
மறுபேச்சின்றிக் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.
எண்ணவில்லை.

நான் சோதனைக் குழாயில் சொட்டு விட்டேன்.
போனில் சார்ஜ் இல்லை. மெழுகுவர்த்தி ஒளியில்
எல்லாமே மஞ்சள்.
லேப்காரி நான், எனக்குத் தெரியும்,
இந்த வெளிச்சத்தில் எந்த முடிவும் சொல்லக்கூடாது.
குழாயை ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்தேன்.
விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
பின்னால் தண்ணீர் விழும் சத்தம்,
கரண்டி கரண்டியாய்.